யார் வந்திருக்கிறது?

உடுக்கைச் சத்தம் ஏறி ஏறிப் போய்ச் சட்டென்று நிற்கும். தலைவிரி கோலமாக உட்கார்ந்து உடம்பைச் சுழற்றிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு முன்னால் கோடாங்கி குனிவார். சுற்றி நிற்பவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். "யாரு நீ? எங்கிருந்து வந்தே? பேரைச் சொல்லு." முதலில் பதில் வராது. ஒரு சிரிப்பு வரும், ஓர் உறுமல் வரும். மறுபடி உடுக்கை, மறுபடி அதே கேள்வி. மூன்றாவது, நான்காவது தடவையில் ஒரு பெயர் வந்துவிடும். கிணற்றில் விழுந்து செத்தவன் பெயராக இருக்கலாம், தூக்கு மாட்டிக்கொண்டவள் பெயராக இருக்கலாம். பெயர் வந்ததும் கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவும். இனி அதோடு பேசலாம், என்ன வேண்டும் என்று கேட்கலாம், கொடுத்து அனுப்பலாம்.

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்கு வருகிறவர்களில் பலருக்கு, சொந்த ஊர் எதுவானாலும், இப்படி ஓர் இரவைப் பார்த்த நினைவு இருக்கும். சிலர் அதைப் பயத்தோடு சொல்வார்கள். சிலர், வந்தது எங்கள் பெரியம்மாவுக்கு என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

இதே கேள்வியை 1950களில் நியூயார்க்கில் ஒரு மனநல மருத்துவர் தன் நோயாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் கார்னீலியா வில்பர். நோயாளி ஷெர்லி மேசன், ஓவியம் படித்தவர். அங்கே உடுக்கை இல்லை. அதன் இடத்தில் சோடியம் பென்டோதால் என்ற மயக்க மருந்து இருந்தது. அரைமயக்கத்தில் கிடக்கும் பெண்ணிடம், இப்போது பேசுவது யார் என்ற கேள்வி போகும். பெயர்கள் வரத் தொடங்கின. 11 ஆண்டு சிகிச்சையில் மொத்தம் 16 பேர் வந்தார்கள். 1973-இல் ஃப்ளோரா ரீட்டா ஷ்ரைபர் அதை 'சிபில்' என்ற நூலாக எழுதினார். பல லட்சம் பிரதிகள் விற்றது. 1976-இல் தொலைக்காட்சிப் படமும் ஆனது.

அதற்கு முன்பு உலக மருத்துவ இதழ்களில் இப்படிப்பட்ட நோயாளிகள் என்று பதிவானவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. அடுத்த இருபது ஆண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள். ஒருவருக்குள் இருந்த ஆட்களின் எண்ணிக்கையும் கூடவே வளர்ந்தது. பழைய பதிவுகளில் இரண்டு, மூன்று பேர்தான். 1986-இல் ஃப்ராங்க் புட்னம் குழுவினர் 100 நோயாளிகளை ஆராய்ந்தபோது சராசரி 13 ஆகியிருந்தது.

இவ்வளவு நாள் மறைந்து கிடந்த ஒரு நோயைக் கண்டுகொண்டார்களா, அல்லது கேட்டுக் கேட்டு உண்டாக்கினார்களா? விலகல் அடையாளக் கோளாறு என்று இன்று நாம் சொல்லும் டிசோசியேட்டிவ் ஐடென்டிடி டிஸார்டரைச் சுற்றி நாற்பது ஆண்டுகளாக நடக்கும் சண்டை இதுதான்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதை 'மல்டிபிள் பர்சனாலிட்டி' என்று சேர்த்துக்கொண்டது. 1994-இல் பெயரை மாற்றியது. மாற்றியதற்குக் காரணம் உண்டு. ஓர் உடலில் பல முழு மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்ற படத்தைப் பழைய பெயர் தந்தது. உண்மையில் இருப்பது, ஒரே மனிதருக்குள் ஒன்றுசேராமல் நிற்கும் துண்டுகள். தமிழில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. ஸ்கிசோஃப்ரெனியாவை நாம் மனச்சிதைவு என்கிறோம். 'சிதைவு' என்ற சொல்லைக் கேட்டதும் ஆள் இரண்டாகப் பிரிந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறோம். அது வேறு நோய். அதில் இல்லாத குரல் கேட்கும், இல்லாத பகை தெரியும், மருந்து பலருக்கு நன்றாக வேலை செய்யும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால் இரண்டு வகை நோயாளிகளும் அடிபடுகிறார்கள்.

விலகல் என்பது நோய் ஆவதற்கு முன்னால் எல்லோருக்கும் உள்ள ஒரு திறமை. செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். டி-சர்ட்டை விரிக்கிறாள், ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா பார்க்கிறாள், பிசிறை வெட்டுகிறாள், திருப்புகிறாள், அடுக்குகிறாள். ஆயிரமாவது பீஸில் கை தன்பாட்டுக்கு ஓடுகிறது. மனம் ஊரில் தம்பியோடு பேசிக்கொண்டிருக்கிறது. அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் வரும்போது இறங்க வேண்டிய புதூர் ஸ்டாப் கடந்துபோனது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோமே, அதுவும் இதுதான். 1889-இல் பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே இதைத்தான் ஆராய்ந்தார்: நம் நினைவும் செயலும் உணர்ச்சியும் எப்போதும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பதில்லை; தாங்க முடியாத ஒன்று வந்தால் ஒரு பகுதி கழன்று தனியே இயங்கத் தொடங்கும்.

இனி ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் யாரையும் குறிப்பவள் இல்லை. இந்தப் பகுதியில் நடக்கக்கூடிய பலவற்றைச் சேர்த்து நான் உருவாக்கியவள். வயது 19. தென்மாவட்டம் ஒன்றிலிருந்து வந்து சின்னம்மாவோடு லைன் வீட்டில் இருக்கிறாள். செக்கிங் வேலை. பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். ஊரில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஒரு வியாழக்கிழமை இரவு, சாப்பாட்டு நேரம் முடிந்து மறுபடி டேபிளுக்கு வந்தவள் சரிகிறாள். எழும்போது குரல் மாறியிருக்கிறது, ஆம்பளைக் குரல். சின்னம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், வாயில் வராத வார்த்தையெல்லாம் வருகிறது. காலையில் ஒன்றும் நினைவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் வருகிறது. சின்னம்மா அழைத்துப்போய் மந்திரித்துக் கயிறு கட்டுகிறாள். அடங்குகிறது. பத்து நாளில் திரும்பி வருகிறது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி.

மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது உடம்பைப் பார்ப்பது. வலிப்பு நோயின் சில வகைகள் கீழே விழாமலேயே ஆளை மாற்றிக் காட்டும். மூளை அழற்சியில் ஒரு வகை, 2007-இல்தான் யோசெப் டல்மாவ் குழுவினர் அதை அடையாளம் கண்டார்கள், இளம்பெண்களைச் சில நாட்களில் பேய் பிடித்தவர்கள் போல ஆக்கிவிடும். சரியான மருந்து கொடுத்தால் பலர் பழைய நிலைக்கு வருகிறார்கள், விட்டுவிட்டால் உயிரே போகலாம். இந்தப் பரிசோதனைகளை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது. இவளுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது நோய்க்குப் பெயர் எழுத வேண்டும். இங்கேதான் உலகச் சண்டை நம் வெளிநோயாளர் சீட்டில் வந்து உட்காருகிறது. 2013-இல் வந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, சில பண்பாடுகளில் இந்தக் கோளாறு ஆவி பிடித்த அனுபவமாக வெளிப்படலாம் என்று வரையறைக்குள்ளேயே எழுதிக்கொண்டது. அந்தப் புத்தகத்தின்படி இவளுக்கு வந்தது, ஷெர்லி மேசனுக்கு வந்ததாகச் சொன்ன அதே நோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலோ இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் விலகல் அடையாளக் கோளாறுக்கு ஓர் எண், ஆவி பிடிப்பு நிலைக்கு அதற்கு முந்தைய எண். எனக்குள் இன்னொருத்தி இருக்கிறாள் என்பது ஒன்று, வெளியிலிருந்து ஒருவன் வந்து என்னைப் பிடித்துக்கொண்டான் என்பது மற்றொன்று என்று அது பார்க்கிறது. இந்திய மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டாவது புத்தகத்தைப் பின்பற்றுகிறார்கள். ஆக, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் போனால் அவளுடைய நோய் மாறிவிடும்.

ஒன்றை இரண்டு புத்தகங்களும் ஒத்துக்கொள்கின்றன. பண்டிகையில் பூவோடு எடுக்கும்போது சாமி வந்து ஆடி, திருநீறு போட்டதும் இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சமைக்கும் பெண் நோயாளி கிடையாது. கேளாமல் வந்து, அடக்க முடியாமல் நின்று, வாழ்க்கையைக் குலைப்பதுதான் நோய்.

வேர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் போவோம். ஒரு தரப்பு, குழந்தைப் பருவத்துக் கொடுமை என்கிறது. புட்னம் பார்த்த 100 பேரில் 97 பேர் சிறு வயதில் பெருந்துன்பம் அனுபவித்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலும் பாலியல் வன்முறை, அடி உதை. இந்தத் தரப்பின் விளக்கத்தைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது அனுப்பர்பாளையத்துக் குடம். கடையில் வாங்கும்போது பித்தளைக் குடம் ஒரே பொருளாகத் தெரியும். பட்டறையில் பார்த்தால் அடிப்பாகம் தனியாக, மேல்பாகம் தனியாகக் கிடக்கும். தகட்டை வெட்டி, குழித்து, விளிம்பைச் சீவி, ஒன்றோடொன்று பொருத்தி, பற்றவைத்து, தட்டி, மெருகேற்றிய பிறகுதான் அது குடம். பற்றவைத்த இடத்தை நகத்தால் தடவினால்கூடத் தெரியாத அளவுக்குச் செய்வதில்தான் கைத்திறன் இருக்கிறது.

புட்னம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். குழந்தை ஒரே 'நான்' ஆகப் பிறப்பதில்லை. அழும் குழந்தை, சிரிக்கும் குழந்தை, பயந்த குழந்தை என்று தனித்தனி நிலைகளாகத்தான் தொடங்குகிறது. அழுதபோதும் தூக்கி, சிரித்தபோதும் தூக்கும் அதே கை அந்த நிலைகளை ஒன்றோடொன்று பற்றவைக்கிறது. பகலில் சோறு ஊட்டும் கையே இரவில் கொடுமை செய்தால் இரண்டையும் சேர்க்க வழியில்லை. துண்டுகள் துண்டுகளாகவே நின்றுவிடுகின்றன. இந்தப் பார்வையில் அவளிடம் உடைந்தது ஒன்றுமில்லை. சேர வேண்டியது சேரவில்லை.

எதிர்த் தரப்பின் வலுவான குரல் கனடாவின் உளவியலாளர் நிக்கலஸ் ஸ்பானோஸ். அவர் தன் சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஒரு கொலை வழக்கு. லாஸ் ஏஞ்சலஸில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற கென்னத் பியாங்கியை 1979-இல் அறிதுயிலில் ஆழ்த்திப் பேட்டி எடுத்தார்கள். உனக்குள் இன்னொரு பகுதி இருக்கிறதா, அதோடு நான் பேசலாமா என்ற கேள்வி போனது. 'ஸ்டீவ்' வந்தான், கொலைகளை நான்தான் செய்தேன் என்றான். பிறகு மார்ட்டின் ஓர்ன் என்ற மருத்துவர் வந்தார். உண்மையான நோயாளிகளுக்கு இரண்டுக்கு மேல் இருக்குமே என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைத்தார். கொஞ்ச நேரத்தில் மூன்றாவதாக 'பில்லி' வந்துவிட்டான். கடைசியில் பியாங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

ஸ்பானோஸ் 1985-இல் கல்லூரி மாணவர்களிடம், நீங்கள் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் போல நடியுங்கள் என்று மட்டும் சொல்லி, ஒரு குழுவிடம் பியாங்கியிடம் கேட்ட அதே பாணியில் கேள்வி கேட்கச் செய்தார். ஒருவருக்கும் இந்த நோயைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. பெரும்பாலோர் தாமாகவே வேறு பெயர் சூட்டிக்கொண்டார்கள்; பிறகு கேட்டால் நினைவில்லை என்றார்கள். சாதாரணமாக விசாரிக்கப்பட்ட குழுவில் இது நடக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு உடுக்கைதான் நினைவுக்கு வந்தது. கேள்வியின் வடிவத்திலேயே பதிலுக்கான இடம் வெட்டப்பட்டிருக்கிறது. "உனக்கு என்ன செய்கிறது" என்று கேட்டால் உடம்பு வலியைச் சொல்லலாம், வாழ்க்கையைச் சொல்லலாம், பேசாமல் இருக்கலாம். "நீ யார்" என்று கேட்டால் ஒரு பெயரைத்தான் சொல்ல முடியும்.

ஷெர்லி மேசன் கதையிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. வில்பர் ஊரில் இல்லாத நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்டவர் ஹெர்பர்ட் ஸ்பீகல். ஒரு நாள் பேச்சுக்கு நடுவில், நான் இப்போது ஹெலனாக மாற வேண்டுமா, டாக்டர் வில்பர் அப்படித்தான் விரும்புவார் என்று மேசன் கேட்டதாகவும், உன் இஷ்டம், கட்டாயமில்லை என்றதும் அவர் மாறாமலே பேசியதாகவும் ஸ்பீகல் பின்னாளில் சொன்னார். 1958-இல் மேசனே வில்பருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது: எனக்குள் வேறு யாரும் இல்லை, நான் நடித்தேன் என்று. வில்பர் அதை நம்பவில்லை. நோய் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் தந்திரம் என்று எடுத்துக்கொண்டார். ஆமாம் என்றாலும் நோய், இல்லை என்றாலும் நோய் என்ற நிலைக்கு ஒரு பெண் வந்துவிட்டால், பிறகு அவளால் எதைத்தான் சொல்லி வெளியே வர முடியும்? என்னை அதிகம் வாட்டிய இடம் இது.

1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் இதன் விலையைப் பலர் கொடுத்தார்கள். அறிதுயிலில் 'மீட்டெடுத்த' நினைவுகளில், சொந்தப் பெற்றோர் சாத்தான் வழிபாட்டில் குழந்தைகளைக் கொன்றதாகவெல்லாம் வந்தது. குடும்பங்கள் பிரிந்தன. 1997-இல் சிகாகோவில் ஒரு நோயாளியின் குடும்பத்துக்கு 1 கோடியே 6 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்து வழக்கு முடிந்தது. நடக்காததை ஒருவர் மனதார நினைவுகூர முடியுமா என்ற சந்தேகம் இருப்பவர்களுக்கு உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸின் 1995 சோதனை போதும். சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனாய் என்ற பொய்க் கதையை வீட்டார் சொன்னதாகச் சொல்லிக் கொடுத்தார். 24 பேரில் 6 பேர் அதை ஓரளவாவது நினைவுகூர்ந்தார்கள்.

அப்படியானால் எல்லாம் நடிப்பா? இல்லை. இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும்.

நெதர்லாந்தில் ராஃபெல் ஹன்ட்யன்ஸ் 2003-இல் 31 நோயாளிகளைச் சோதித்தார். ஓர் அடையாளத்தில் இருக்கும்போது சொற்பட்டியலைப் படிக்கச் சொல்வது, இன்னோர் அடையாளத்துக்கு மாறியதும் கேட்பது. பார்த்ததே இல்லை என்றார்கள். நுட்பமான சோதனைகளோ, அந்தச் சொற்கள் உள்ளே இருப்பதைக் காட்டின. சுவர் என்று அவர்கள் உணர்வது சுவர் இல்லை. ஆனால் அவர்கள் பொய் சொல்லவும் இல்லை. தெரியாது என்று உண்மையாகவே உணர்கிறார்கள். அதே நாட்டில் பிறந்த இன்னொரு ஆராய்ச்சியில் சிமோன் ரைண்டர்ஸ், நோயாளிகளையும், அவர்களைப் போல நடிக்கச் சொல்லிப் பழக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டார். பழைய கொடுமையை விவரிக்கும் பதிவைக் கேட்கும்போது இதயத் துடிப்பும் மூளை இரத்த ஓட்டமும் இரு குழுவிலும் ஒன்றுபோல் மாறவில்லை. நடித்தவர்களால் உடம்பை அப்படி மாற்ற முடியவில்லை. சோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை சிறிதுதான், ஆனாலும் தள்ளிவிட முடியாதது. இன்னொன்று: அமெரிக்கக் கையேட்டின் கணக்கில், இந்த நோய்க்காக வெளிநோயாளராக வருவோரில் 70 விழுக்காட்டுக்கும் மேலானோர் தற்கொலைக்கு முயன்றவர்கள். நடிப்பு என்று சொல்லி வாசலில் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வலி மெய். அந்த வலி எந்த உருவத்தில் வெளியே வர வேண்டும் என்பதை ஊர் கற்றுக்கொடுக்கிறது. அதற்கு நம் நாட்டைவிட நல்ல சாட்சி கிடையாது.

1981-இல் சண்டிகரில் வி.கே. வர்மா, என்.என். விக் முதலியோர், அமெரிக்காவில் பல ஆளுமையாக வருவதன் இந்திய உருவம்தான் ஆவி பிடித்தலா என்று ஒப்பிட்டு எழுதினார்கள். 1989-இல் டெல்லியிலிருந்து ஆதித்யன்ஜீ குழுவினர் மூன்றே மூன்று பேரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் பேசப்பட்ட காலம் அது. பெங்களூரு நிமான்ஸில் பத்தாண்டுப் பதிவுகளைத் தொகுத்தபோது விலகல் கோளாறு என்று எழுதப்பட்டவர்கள் 893 பேர். பெரும்பங்கு கைகால் செயலிழப்பும் வலிப்பு போன்ற துடிப்பும்தான். இந்திய நோயாளிகளிடம் ஆள் மாறுவதற்கு முன்னால் ஒரு தூக்கம் வருவதை ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அது அபூர்வம். நம் சினிமாவில் தூங்கி எழுந்துதான் ஆள் மாறுவார்கள் என்பதையும் அவர்களே கவனித்திருக்கிறார்கள்.

தமிழ்ப் பார்வையாளருக்கு 2005-ஆம் ஆண்டு இரண்டு பாடப்புத்தகங்களைக் கொடுத்தது. ஏப்ரலில் 'சந்திரமுகி', 1993-இன் மலையாளப் படம் 'மணிச்சித்ரதாழ்' கன்னடம் வழியாகத் தமிழுக்கு வந்தது. ஜூனில் 'அந்நியன்'. அம்பி, ரெமோ, அந்நியன் என்ற மூவரில் அம்பியையும் அந்நியனையும் விக்ரம் ஒரே காட்சியில் மாறி மாறிக் காட்டியதை இன்றும் மேடையில் செய்து காட்டுகிறார்கள். மல்டிபிள் பர்சனாலிட்டி என்ற சொல் டீக்கடைக்கு வந்தது அதன் பிறகுதான். அந்தப் படங்களை நான் குறை சொல்லவில்லை. மனநோய் என்று ஒன்று உண்டு, அதற்கு மருத்துவர் உண்டு என்று பலருக்கு முதலில் சொன்னவை அவைதான். ஆனால் ஒரு வலியை எப்படி ஆடிக் காட்டுவது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தன.

வலி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நம் பக்கத்தில் பதில் பெரும்பாலும் பெண்ணின் வாழ்க்கைக்குள் இருக்கிறது. மானுடவியலாளர் இசபெல் நபோகோவ் தென்னாற்காடு, மேல்மலையனூர்ப் பகுதிகளில் பேயோட்டுதலை ஆராய்ந்து 2000-இல் நூலாக்கினார். அவர் பார்த்ததில் பிடிபட்டவர்கள் பலரும் புதிதாகக் கல்யாணமானவர்கள், புகுந்த வீட்டில் ஒட்டாதவர்கள். பிடித்ததோ அற்பாயுளில் செத்த ஆண். பேயின் பெயரைச் சொல்லவைத்து, உச்சி முடியைக் கத்தரித்துப் புளியமரத்தில் ஆணியடித்து, பெண்ணைப் புருஷனோடு அனுப்பிவைப்பார்கள். நபோகோவ் அதைக் குணமாக்கல் என்று எளிதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவள் சொல்ல வந்ததை விட்டு, ஊருக்கு வேண்டிய கதையை அவள் வாயில் வைத்துப் பேசவைக்கிறார்கள் என்று பார்த்தார். வில்பரின் அறையில் நடந்ததற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

மலேசியாவில் 1970களில் எலெக்ட்ரானிக் ஆலைகளுக்குக் கிராமத்துப் பெண்கள் கூட்டமாக வேலைக்குப் போனபோது, நுண்ணோக்கியில் குனிந்திருந்தவர்கள் திடீரென்று ஆவியைக் கண்டு அலறினார்கள். ஒருத்திக்கு வந்தால் வரிசையே துடிக்கும், ஆலை மூடப்படும். அய்வா ஓங் 1987-இல் எழுதிய நூல் இதைத்தான் பேசுகிறது. மேற்பார்வையாளரின் கண்ணுக்குக் கீழே, கழிவறைக்குப் போகவும் அனுமதி கேட்டு நிற்கும் பெண், தன் வாயால் சொல்ல முடியாததை ஆவியின் வாயால் சொன்னாள் என்றார் அவர். மாத்திரையும் வந்தது, மந்திரவாதியும் ஆலைக்குள் வந்தார். வேலையின் வேகம் குறையவில்லை. திருப்பூரில் இதைப் படிக்கிறவருக்கு எந்த உரையும் தேவைப்படாது.

சிகிச்சைக்கு வருவோம். இந்தக் கோளாறுக்கென்று மாத்திரை கிடையாது. கூடவே வரும் சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் உண்டு. விலகல் கோளாறுகளை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி மூன்று கட்டமாகப் போகச் சொல்கிறது: முதலில் பாதுகாப்பு, தூக்கம், தன்னைத் தானே காயப்படுத்துவதை நிறுத்துவது, பிறகு, தாங்கும் பலம் வந்தபின், பழைய நினைவுகள், கடைசியில் துண்டுகளைச் சேர்ப்பது. ஆண்டுக்கணக்கில் ஆகும். எதிர்ப்பாளர்களின் குறை, ஒவ்வொரு துண்டையும் பெயர் சொல்லி அழைத்துப் பேசினால் துண்டுகள் இறுகத்தான் செய்யும் என்பது. பல காலம் இந்தச் சிகிச்சையின் பலனைக் காட்டிய ஆய்வுகளில் ஒப்பிட்டுப் பார்க்க மறுகுழு இல்லை என்பதும் நியாயமான குறைதான். ஆனால் வழிகாட்டியையே படித்தால், புதிய அடையாளங்களைத் தூண்டாதே, நீயாகப் பெயர் வைக்காதே என்று எழுதியிருக்கிறது. சண்டைக்கு நடுவே இரு தரப்பும் கைகோத்த இடம் இது. என்னைக் கேட்டால் நாற்பது ஆண்டுச் சண்டையில் கிடைத்த பெரிய லாபமும் இதுவே.

நம் பக்கத்தில் ஆபத்து வேறு வாசலிலிருந்தும் வருகிறது. இப்படி வரும் பெண்களைச் சில அவசர சிகிச்சைப் பிரிவுகளில் "சும்மா சீன் போடுது" என்பார்கள். மூக்கில் அம்மோனியாவைக் காட்டுவார்கள், நெஞ்செலும்பை முட்டியால் அழுத்துவார்கள். எழுந்துவிட்டால் நடிப்பு என்று நிரூபணமாகிவிட்டதாம். இன்னொரு பக்கம், கோயிலென்றும் தர்காவென்றும் கொண்டுபோய்க் கட்டிப்போடுவது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். சங்கிலி கூடாது என்று இன்று சட்டம் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது.

அதற்காகக் கோயிலை எதிரியாக்க எனக்கு மனமில்லை. 2002-இல் ஆர். ரகுராம் குழுவினர் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளிகளை ஆராய்ந்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. அங்கே சங்கிலியும் இல்லை, அடியும் இல்லை, பேயோட்டும் சடங்கும் இல்லை. காலையில் பூஜை, பிறகு செடிக்குத் தண்ணீர், வாசல் கூட்டுவது, கூடவே தங்க வீட்டார் ஒருவர். ஆறு வாரச் சராசரித் தங்கலில் நோய்க்குறி அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. மருந்துக்கு மாற்று என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. பயமில்லாத இடமும், கூட ஒரு ஆளும், செய்ய ஒரு சின்ன வேலையும் எவ்வளவு செய்யும் என்பதைக் காட்டினார்கள். யாரும் யாரிடமும் பெயர் கேட்காத இடம் அது.

சரி, நம் கற்பனைப் பெண் இன்னும் வெளிநோயாளர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு நான் ஆசைப்படும் மருத்துவர் இப்படிச் செய்வார். சின்னம்மாவின் பயத்தை முழுதாகக் கேட்பார், கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சொல்ல மாட்டார். பிறகு, கொஞ்சம் வெளியில் இருங்க என்பார். பெண்ணிடம், அன்றைக்கு வந்தது யார் என்று கேட்க மாட்டார். ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாய், சாப்பாடு இறங்குகிறதா, மாதவிலக்கு சரியாக வருகிறதா, பயமாக இருக்கும்போது யாரிடம் சொல்வாய் என்று கேட்பார். சாக வேண்டும் போல் இருக்கிறதா என்று நேராகவே கேட்பார். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் கூப்பிட 14416 என்ற டெலிமானஸ் எண்ணைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார். சீட்டின் முன்பக்கத்தில் நோயின் பெயருக்கான இடத்தைக் கொஞ்ச நாள் காலியாக விட்டுவைக்கவும் அவருக்குத் துணிச்சல் இருக்கும்.

முதல் நாள் அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். அடுத்த வாரம் இரண்டு வார்த்தை. மூன்றாவது முறை வரும்போது கம்பெனியிலிருந்து நேராக வந்திருப்பாள். சுடிதாரில் ஒட்டியிருக்கும் நூல் பிசிறை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சேர்த்தபடி, மருத்துவரைப் பார்க்காமல் சொல்வாள்: "எனக்கு அந்த லைன் வேணாம் மேடம். வேற டேபிள்ல போடச் சொல்லுங்க."

ஏன் என்று உடனே கேட்காமல், அவர் அதை மட்டும் எழுதிக்கொள்வார்.